சபா மேடையில் பரதநாட்டியம்: முகம் வெளுக்கிறது, நிறம் படத்துக்குப் படம் மாறுகிறது

கடைசிவரிசை எழுதியது:

வணக்கம். மூன்று ஆண்டுகளாகச் சென்னை சபாக்களில் மார்கழி நிகழ்ச்சிகளையும், தெரிந்தவர்கள் வீட்டுப் பெண்களின் அரங்கேற்றங்களையும் படமெடுத்து வருகிறேன். திருமணத்திலும் கோயில் திருவிழாவிலும் எனக்குக் கைகொடுக்கும் பழக்கம் எதுவும் நாட்டிய மேடையின் முன்னால் உதவுவதில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்த ஓர் அரங்கேற்றத்தின் படங்களைக் கணினியில் திறந்து பார்த்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது. பத்தாண்டுப் பயிற்சிக்குப் பின் அந்தக் குடும்பம் ஒரே ஒருமுறை நடத்தும் நிகழ்ச்சி அது. மீண்டும் எடுக்க வழியில்லை.

கறுப்புத் திரைக்கு முன்னால் அந்தப் பெண் தனியாக ஆடும் படங்களில் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. நெற்றிச்சுட்டியும் அட்டிகையும் வெறும் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கின்றன. பாடகரும் மிருதங்கக் கலைஞரும் வெள்ளை வேட்டியுடன் சட்டகத்துக்குள் வந்துவிட்ட படங்களிலோ அதே முகம் இருண்டிருக்கிறது. வர்ணம் என்ற நீண்ட உருப்படியின்போது அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்றில் மேனி மஞ்சளாகவும் மற்றதில் ரோஜா நிறமாகவும் தெரிகிறது. பதம் என்ற அபிநய உருப்படிக்கு மேடை முழுவதும் நீலமாக மாறியபோது, மூக்கும் கன்னமும் பிரிந்து தெரியாத ஊதா முகமூடி ஒன்றுதான் பதிவாகியிருக்கிறது. அபிநயத்தின் அமைதியைக் கெடுக்கக் கூடாதென்று ஓசையில்லா ஷட்டரைப் பயன்படுத்திய சில படங்களில் குறுக்கே கருமையான பட்டைகள் ஓடுகின்றன. பெண்ணின் தாயார் படங்களைப் பார்த்துவிட்டு, "காஞ்சிபுரத்தில் தேடித் தேடி எடுத்த அரக்குப் பட்டு, ஏன் ஆரஞ்சாகத் தெரிகிறது?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கேமரா கிராப் சென்சார் மிரர்லெஸ். லென்ஸ் 70-200, எஃப் 2.8. அப்பெர்ச்சர் முன்னுரிமை (லென்ஸின் திறப்பை மட்டும் நான் வைக்கும் முறை), சட்டகம் முழுவதையும் அளக்கும் மீட்டரிங், தானியங்கி ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), தானியங்கி ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்) ஆகியவற்றில் வைத்து, ஜேபெக் கோப்பாக மட்டுமே எடுத்தேன். அடுத்த மாதம் இன்னோர் அரங்கேற்றம் இருக்கிறது. எங்கிருந்து திருத்திக்கொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மிருதங்கப்பக்கம் எழுதியது:

வணக்கம், நண்பரே. நீங்கள் சொன்ன முதல் இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றே. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்தின் அளவுக்குக் கொண்டுவரவே கணக்கிடுகிறது. சட்டகத்தில் முக்கால் பங்கு கறுப்புத் திரையாக இருந்தால் அந்தக் கறுப்பைச் சாம்பலாக்க முயன்று, கூடவே முகத்தையும் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) ஏற்றிவிடுகிறது; வெள்ளை வேட்டி உள்ளே வந்ததும் அதை அடக்கப் பார்த்து முகத்தை இருட்டாக்குகிறது. இத்தனைக்கும் அந்தப் பெண்ணின் மேல் விழுந்த ஒளியில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது நீங்கள் சட்டகத்துக்குள் சேர்த்துக்கொண்ட பொருள்கள் மட்டுமே. ஆகவே, நாட்டிய மேடையில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, கேமராவின் முடிவுக்கு விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஷட்டர், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் நீங்களே வைத்து, மேடை ஒளி மாறும்போது மட்டும் மாற்றுங்கள்.

அளப்பதற்கு, சட்டகத்தின் ஒரு சிறு புள்ளியை மட்டும் பார்க்கும் ஸ்பாட் மீட்டரிங்கைப் பயன்படுத்தி முகத்தின் வெளிச்சமான கன்னத்தில் வையுங்கள். நம் ஊர் மாநிறம் நடுத்தரச் சாம்பலுக்கு வெகு தொலைவில் இல்லை. ஆனால் மேடை ஒப்பனை பூசியபின் முகம் இயல்பைவிட வெளிச்சமாக இருக்கும் என்பதால், மீட்டர் காட்டுவதைவிட அரை ஸ்டாப் அல்லது அதற்குச் சற்று மேல் ஏற்றி வைப்பது என் வழக்கம். அலாரிப்பு இதற்கு மிகவும் வசதியானது. ஆடுபவர் நின்ற இடத்தில் நின்று கண்ணையும் கழுத்தையும் அசைத்துத் தொடங்கும் உருப்படி அது. பெரும்பாலும் முழு வெளிச்சமும் இருக்கும். அந்த ஓரிரு நிமிடங்களில் நான்கைந்து படங்கள் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து, கன்னத்தில் தோலின் தன்மை தெரிகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நெற்றிச்சுட்டியின் மினுக்கம் வெள்ளையாக எரிந்தால் கவலை வேண்டாம். கல்லில் தெறிக்கும் ஒளி எப்போதும் எரியத்தான் செய்யும். முகம் எரியக் கூடாது.

நான் போகும் அரங்குகளில் முழு வெளிச்சத்துக்கு எஃப் 2.8, 1/320 வினாடி, ஐஎஸ்ஓ 3200 என்பது தொடக்கப் புள்ளி. பதத்துக்கு ஒளியைக் குறைக்கும்போது இரண்டு ஸ்டாப் இறங்கினால் 1/160, ஐஎஸ்ஓ 6400. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் அரங்கில் அளந்து கொள்ளுங்கள். மேடையின் நடுவிலும் ஓரத்திலும் ஒளி ஒன்றாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். நடராசர் சிலைக்கு வணக்கம் செலுத்த ஓரத்துக்குப் போகும்போது ஒரு ஸ்டாப் குறைவது சாதாரணம்.

ஷட்டர் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எக்ஸ்போஷருக்குத் தேவையான ஒளியைப் பலர் இங்கேதான் வீணடிக்கிறார்கள். சொற்கட்டுகளுக்கு ஆடும் ஜதி முழுவதற்கும் 1/800 வைக்க வேண்டிய தேவை இல்லை. ஜதியை முடிக்கும் தீர்மானம் என்ற பகுதியின் கடைசிச் சொற்கட்டு மும்முறை வந்து முடியும். மூன்றாவது முறை தாளத்தில் வந்து விழும்போது ஆடுபவர் ஒரு கணம் அசையாமல் நிற்பார். ஜதி சொல்லித் தாளம் தட்டும் நட்டுவாங்கத்தைக் காதில் வாங்கிக்கொண்டு அந்தக் கணத்துக்குக் காத்திருந்தால் 1/200 வினாடியே போதும். அதனால் ஐஎஸ்ஓவும் குறையும், பட்டின் இழை தெரியும். தாவும் அடவுகளுக்கும் சுழற்சிகளுக்கும் மட்டும் 1/640 அல்லது அதற்கு மேல் போங்கள்.

நிக்கான் 2014இல் டி810 கேமராவில் கொண்டுவந்த, வெளிச்சமான பகுதியைக் காக்கும் மீட்டரிங் முறை இப்போது வேறு சில கேமராக்களிலும் இருக்கிறது. கறுப்புத் திரைக்கு முன் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நகை மினுங்கினால் அதையும் காக்க முயன்று முகத்தை இருட்டாக்கும். அதனால் நான் கைமுறையையே நம்புகிறேன்.

ஒயிட் பேலன்ஸ் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே இருக்கிறார். நான் ஒன்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்: தானியங்கியை விட்டுவிடுங்கள், ஜேபெக்குடன், கேமரா பதப்படுத்தாத ரா கோப்பையும் சேர்த்து எடுங்கள்.

ஒளிமேசை எழுதியது:

நான் படமெடுப்பவன் அல்லன். நாட்டிய நிகழ்ச்சிகளுக்கு ஒளியமைப்புச் செய்பவன். உங்கள் கேமரா எந்த ஒளியைப் பார்க்கிறது என்பதை எங்கள் பக்கத்திலிருந்து சொன்னால் உதவியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பழைய அரங்குகளில் முன்னொளிக்கு இன்னும் ஹாலஜன் விளக்குகள் தொங்குகின்றன. முழு அளவில் எரியும்போது அவற்றின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 3200 கெல்வின். டிம்மரைக் கீழே இறக்கினால் வெளிச்சம் மட்டும் குறைவதில்லை. இழை குளிர்ந்து ஒளி சிவந்து, நிற வெப்பநிலையும் பல நூறு கெல்வின் இறங்கிவிடும். ஆடுபவரைத் தொடரும் ஃபாலோ ஸ்பாட் விளக்கு பெரும்பாலும் 5600 கெல்வினுக்கு மேல், நீலம் கலந்த வெண்மை. பின்னாலும் பக்கச் சிறகுகளிலும் எல்இடி. குத்துவிளக்கின் சுடரோ 2000 கெல்வின் அளவில்தான் இருக்கும். இத்தனையும் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் எரிகின்றன. தானியங்கி ஒயிட் பேலன்ஸ் ஒவ்வொரு படத்திலும் சட்டகத்தில் எது அதிகமாக இருக்கிறதோ அதைச் சமன்செய்யப் பார்ப்பதால், ஆடுபவர் இரண்டு அடி நகர்ந்தாலே மேனியின் நிறம் மாறிவிடுகிறது. வர்ணத்தின்போது எடுத்த உங்கள் படங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

இதற்கு நான் சொல்லும் வழி எளிது. முகத்தில் விழும் முன்னொளி எதுவோ, அதற்கு மட்டும் ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிடுங்கள். மற்ற ஒளிகள் தங்கள் நிறத்திலேயே இருக்கட்டும். முகத்தின் ஒரு பக்கம் இயல்பாகவும் மறுபக்கத்தின் விளிம்பு நீலமாகவும் தெரிவதுதான் நாங்கள் அமைத்தது. குத்துவிளக்கு ஆரஞ்சாகத்தான் எரிய வேண்டும். விரகத்தில் தலைவி நிலவைப் பார்த்துப் பேசும் பதத்துக்கு நான் நீலத்தைக் கொடுக்கிறேன் என்றால் அது இரவு. அந்த இரவைக் கணினியில் பகலாக்கிய படங்களைப் பார்க்கும்போது, மேடையில் சொன்ன கதையின் பாதி காணாமல் போனதாகவே உணர்கிறேன்.

முன்னொளிக்கு எண் கண்டுபிடிக்க, நிகழ்ச்சிக்கு முன் ஒளி ஒத்திகை நடக்கும் நேரத்துக்கு வாருங்கள். பத்து நிமிடம் முன்னொளியை மட்டும் எரியவிடச் சொல்லி ஒளியமைப்பாளரிடம் கேளுங்கள்; முறையாகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. ஆடுபவர் நிற்கும் இடத்தில், அவர் முகத்தின் உயரத்தில், அவையை நோக்கிச் சாம்பல் அட்டையைப் பிடித்துப் படமெடுத்து அதையே ஒயிட் பேலன்ஸாகப் பதிவுசெய்யுங்கள். அட்டையைத் தரையில் வைத்து எடுத்தால் மேலிருந்து விழும் பின்னொளி கலந்து கணக்கு தவறும்.

சிலர் மிருதங்கக் கலைஞரின் வேட்டியை வெள்ளைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. சலவைப் பொடியின் ஒளிர்ப்பானும் சொட்டு நீலமும் ஏறிய வேட்டி நடுநிலையான வெள்ளையே அல்ல. அதை வைத்துச் சமன்செய்தால் முகம் மஞ்சளாகும். தலையிலுள்ள மல்லிகை அதைவிடப் பரவாயில்லை, அதுவும் அட்டை இல்லாத அவசரத்துக்கு மட்டுமே.

இன்னொன்று. எல்இடியில் வெள்ளை இரண்டு விதமாக வரும். வெள்ளைக்கென்றே தனிச் சில்லு உள்ள விளக்கு ஒரு வகை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வெள்ளை காட்டும் விளக்கு மற்றொரு வகை. இரண்டாவதில் மஞ்சளும் ஆரஞ்சும் இருக்க வேண்டிய இடம் ஏறக்குறைய காலி. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் தோலின் நிறம் அதில் சரியாக வராது; கெல்வினை எங்கே திருப்பினாலும் சரியாகாது. கெல்வின் அளவுகோல் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையில் மட்டுமே நகர்வது. இத்தகைய ஒளிக்குப் பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையில் நகரும் டின்ட் அளவுகோலையும் கையாள வேண்டும். அப்போதும் முழு விடுதலை கிடைக்காது.

கடைசிவரிசை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை பக்கத்து அரங்கில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் அனுமதி கேட்டு, கைமுறை எக்ஸ்போஷருடனும் 3400 கெல்வினில் பூட்டிய ஒயிட் பேலன்ஸுடனும் எடுத்துப் பார்த்தேன். முகங்கள் படத்துக்குப் படம் ஒத்து வருகின்றன; எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் நீல ஒளி வந்தபோது ஹிஸ்டோகிராம் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) இடப்பக்கம் ஒதுங்கியே இருந்தது. எரிந்துவிட்டது என்ற எச்சரிக்கைக்கு அதில் இடமே இல்லை. படத்திலோ முகம் மறுபடியும் தட்டையான நீலப் பரப்பாகவே இருக்கிறது. சிவப்புப் பட்டிலும் மடிப்புகள் தெரியவில்லை. இருட்டாக இருப்பதாகக் காட்டும் படத்தில் விவரம் எப்படி அழிகிறது?

மிருதங்கப்பக்கம் எழுதியது:

நீங்கள் பார்த்தது ஒட்டுமொத்த வெளிச்சத்துக்கான ஹிஸ்டோகிராம். அந்த வெளிச்சத்தைக் கணக்கிடும்போது மூன்று நிறங்களுக்கும் சம பங்கு தரப்படுவதில்லை. நம் கண்ணின் உணர்திறனை ஒட்டி, எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறக் கணக்கில் பச்சைக்கு ஏறத்தாழ 72 விழுக்காடு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. மேடை முழுக்க நீல எல்இடி மட்டும் எரியும்போது நீலத் தடம் (நீல நிறத்தின் தனிப் பதிவு) உச்சிவரை நிரம்பி வழிந்தாலும் இந்தக் கணக்கில் அது இருட்டாகவே தெரியும். மீட்டரும் ஏறக்குறைய இதே போக்கில் ஏமாந்து, இன்னும் ஒளி வேண்டும் என்று சொல்லும். அதற்குச் செவிசாய்த்தால் நீலம் முழுவதும் எரிந்து, சிவப்பிலும் பச்சையிலும் ஒன்றுமே பதிவாகாமல், முகத்தின் மேடுபள்ளங்களைக் காட்ட எந்தத் தடமும் மிஞ்சாது.

ஆகவே, கேமராவில் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள். நீலம் வந்தால் நீலக் கோட்டைப் பார்த்து, சிவப்பு வந்தால் சிவப்புக் கோட்டைப் பார்த்து, அது வலப்பக்கச் சுவரில் மோதாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பெரும்பாலும் ஒரு ஸ்டாப், சில வேளை ஒன்றரை ஸ்டாப் குறைக்க வேண்டியிருக்கும். கேமராவின் திரையில் படம் மிகவும் இருண்டு தெரியும், பயப்படாதீர்கள்.

பட்டின் கதை வேறு. பயிர் பச்சை, மாம்பழ மஞ்சள் எல்லாம் அவ்வளவு தொல்லை தருவதில்லை. அரக்கும் குங்குமச் சிவப்பும்தான் வழுக்கும். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ரா கோப்பிலிருந்து அல்லாமல், உள்ளே உருவாகும் ஜேபெக் முன்தோற்றத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. அந்த ஜேபெக்கில் ஒயிட் பேலன்ஸும் நிறச் செறிவும் கான்ட்ராஸ்டும் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். பகல் வெண்மை கொண்ட ஒளியில் ஒயிட் பேலன்ஸ் சிவப்புத் தடத்தைப் பெருக்குவதால், ராவில் பத்திரமாக இருக்கும் அரக்குப் பட்டு ஜேபெக்கில் நிரம்பிவிடும்; மடிப்பும் சரிகைக் கரையின் நிழலும் அதில் கரைந்துபோகும். ஹாலஜன் ஒளியிலோ சிவப்பு உண்மையாகவே மிகுதி. தானியங்கி அதைச் சரியாகத் தணிக்காமல் விட்டால் அரக்கு ஆரஞ்சுப் பக்கம் சாயும். அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு விடை பெரும்பாலும் இதுதான். பட முறையை நியூட்ரலில் வைத்து, நிறச் செறிவையும் கான்ட்ராஸ்டையும் குறைத்துவிட்டால் ஜேபெக்கும் தாங்கும், ஹிஸ்டோகிராமும் ராவுக்கு நெருக்கமாக உண்மை சொல்லும். ஒயிட் பேலன்ஸைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ராவை நம்பித் தானியங்கியிலேயே விட்டுவிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை: அது கோப்பைக் கெடுக்காது, ஆனால் மேடை முன்னால் நீங்கள் நம்பிப் பார்க்கும் ஹிஸ்டோகிராமைக் கெடுக்கும்.

கூத்துமேடை எழுதியது:

குறுக்குப் பட்டைகளைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. நான் வட மாவட்டங்களில் இரவு முழுக்க நடக்கும் தெருக்கூத்தைப் படமெடுப்பவன். பெட்ரோமாக்ஸ் எரிந்த காலத்தில் இந்தத் தொல்லை இருந்திருக்காது. இன்று கூத்துக் களத்தைச் சுற்றிக் குழல்விளக்கும் மலிவான எல்இடி ஃபோகஸ் விளக்கும்தான் கட்டுகிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இவை நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. மேடை எல்இடிகளை மங்கலாக்கும்போது அவை அதைவிடப் பல மடங்கு வேகமாக அணைந்து எரிவதும் உண்டு.

ஓசையில்லா ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கப்படுகிறது. வழக்கமான சென்சார் ஒன்று முழுச் சட்டகத்தையும் வாசித்து முடிக்க 1/20 முதல் 1/60 வினாடி வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் விளக்கு ஒரு முறைக்கு மேல் கூடிக் குறைந்துவிடுவதால், ஒளி கூடிய நேரத்தில் வாசித்த வரிகள் வெளுத்தும், குறைந்த நேரத்து வரிகள் கறுத்தும் பட்டைகளாகப் படிகின்றன. இயந்திர ஷட்டரின் திரை ஏறத்தாழ 1/250 வினாடியில் கடந்துவிடுவதால் அதில் இது மிகவும் குறைவு. அபிநயத்தில் ஓசை தொல்லை என்றால், பாட்டும் மிருதங்கமும் எழும் இடத்தில் மட்டும் ஒற்றைப் படமாக எடுங்கள். தொடர்ச்சியாகப் பத்துப் படம் அடிப்பதுதான் பக்கத்தில் இருப்பவரை எரிச்சலூட்டும். 100 ஹெர்ட்ஸ் விளக்கு என்றால் 1/100 அல்லது 1/50 வினாடியில் முழுச் சுற்றுகள் அடங்கிவிடும்; அசையாத நிலைகளுக்கு அது உதவும். கேமராவின் ஃப்ளிக்கர் தவிர்ப்பு வசதியும் 100 ஹெர்ட்ஸுக்கு நன்றாக வேலை செய்கிறது. வேகமாகத் துடிக்கும் எல்இடிக்கு, 1/250.6 என்பதுபோல் ஷட்டரை நுணுக்கமாக நகர்த்தும் வசதி சில கேமராக்களில் உண்டு. வ்யூஃபைண்டரில் பட்டை மறையும் வரை நகர்த்திப் பாருங்கள்.

ஓசையில்லா ஷட்டரை ஹாலஜன் மேடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இழை சூடாகவே இருப்பதால் பட்டை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது.

கடைசிவரிசை எழுதியது:

அடுத்த மாதத்துக்கு வேண்டியது அனைத்தும் கிடைத்துவிட்டது. ஒளி ஒத்திகைக்கு வர அந்தக் குடும்பத்திடம் இன்றே அனுமதி கேட்டுவிட்டேன். மனத்தை உறுத்துவது முடிந்துபோன அரங்கேற்றம்தான். ஜேபெக் மட்டுமே இருக்கும் அந்தப் படங்களில் எதையாவது மீட்க முடியுமா?

மிருதங்கப்பக்கம் எழுதியது:

முழுவதும் வெளுத்த முகங்களை மீட்க முடியாது; ஜேபெக்கில் உச்சியைத் தொட்ட இடத்தில் தகவல் எதுவும் மிஞ்சியிருக்காது. அவற்றை மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு நீக்கிவிடுங்கள். வேட்டி உள்ளே வந்ததால் இருண்டுபோன படங்கள்தான் உங்கள் சொத்து. ஒரு ஸ்டாப் ஏற்றினால் நிழலில் கொஞ்சம் புள்ளிகள் தெரியும். ஆனால் முகம் முழுமையாக இருக்கும். நீலப் பதத்தில் ஏதாவது ஒரு சில படங்களில் முகத்தின் வடிவம் ஓரளவாவது தெரிந்தால் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது நீலத்தின் பங்கைக் குறைத்து, மற்ற இரண்டு தடங்களில் மிஞ்சியிருப்பதை மேலே கொண்டுவாருங்கள். சொரசொரப்பாக இருந்தாலும் கண்ணின் பாவம் தெரியும். பட்டை விழுந்தவற்றில் முகத்துக்குக் குறுக்கே பட்டை போகாதவற்றை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைச் சரிசெய்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த அரக்குப் பட்டு உடை இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கும். ஒரு காலைப்பொழுதில் போய், வெயில் நேரடியாக விழாத திண்ணையிலோ சன்னலோரத்திலோ உடையை விரித்து, சாம்பல் அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணினித் திரையின் ஒரு பாதியில் அந்தப் படத்தைத் திறந்துவைத்து, மறுபாதியில் மேடைப் படத்தின் சிவப்பை அதற்கு இணையாகும் வரை நகர்த்துங்கள். முதலில் ஒயிட் பேலன்ஸ், பிறகு டின்ட், கடைசியில் சிவப்பின் சாயலும் செறிவும். ஒரு படத்தில் சரியாக வந்த அளவுகளை, அதே ஒளியில் எடுத்த மற்ற படங்களுக்கும் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கியில் எடுத்ததால் ஒவ்வொன்றிலும் சிறிது கை வைக்க வேண்டியிருக்கும். ஆல்பத்துக்கு நாற்பது படம் தேறினாலே நல்லது. அந்தத் தாயாரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேர்ந்தெடுங்கள், பட்டின் நிறத்தை அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.